ஒரு பிள்ளையிலிருந்து தொடங்குங்கள்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சிறப்புத் தேவைப் பயிற்சி நடத்துவது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பினாங்குப் பெருநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம். நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். காலை எட்டரைக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாடு வரை ஆட்டிசம், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிக்கல், கவனக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு என்று ஒவ்வொன்றாகத் திரையில் ஓடியது. நடத்தியவள் நான்தான். திங்கட்கிழமை வேறு வேலையாக அதே பள்ளிக்குப் போனேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில், பின் கதவோரம், துடைப்பம் சாத்தி வைக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒரு பையன் தனி மேசையில் உட்கார்ந்திருந்தான். மேசையில் புத்தகம் மூடியே இருந்தது. வகுப்பு ஆசிரியை, சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைபாடுகளின் பெயர்களை அவருக்கு வரிசையாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பையனோடு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன் பிறகு பயிற்சியைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். இப்போது ஒரு பள்ளியில் பயிற்சி என்றால் அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையை வைத்துத்தான் தொடங்குவேன். பத்து வாரம், வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம். தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர், பாலர் பள்ளிப் பொறுப்பாளர் என்று யார் வேண்டுமானாலும் தங்கள் பள்ளியில் இதை நடத்தலாம். வெளியிலிருந்து நிபுணர் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

படி 1: சட்டமும் திட்டங்களும் கையில் இருக்கட்டும்

இதற்கு ஒரு வாரம் போதும். ஆனால் தவிர்க்கக் கூடாது. "இந்தப் பிள்ளை நம் பள்ளிக்கு ஒத்துவராது" என்று யாராவது ஆரம்பித்தால், சட்டம் என்ன சொல்கிறது என்பது அந்த அறையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மலேசியாவின் 2008 மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்தோ தொடக்கப் பள்ளியிலிருந்தோ ஒதுக்கக் கூடாது என்கிறது. 2010ல் நம் நாடு மாற்றுத் திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் ஏற்றது. சிறப்புக் கல்விக்கென 2013ல் தனி விதிமுறைகள் வந்தன. 2019லிருந்து, எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தி வருகிறது.

ஒரு பிள்ளைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, தனிச் சிறப்புக் கல்விப் பள்ளி. இரண்டாவது, சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு. நாம் பேச்சில் பிபிகேஐ என்கிறோமே, அதுதான். மூன்றாவது, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் ஆதரவுடன் படிக்கும் உள்ளடங்கிய கல்வி. தகுதியுள்ள சிறப்புக் கல்வி மாணவர்களுக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயு அட்டையைச் சமூக நல இலாகா தருகிறது. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என அதில் ஏழு பிரிவுகள். இதில் "கற்றல்" என்ற ஒரே பிரிவுக்குள் ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா, கவனக் குறைபாடு எல்லாம் வந்துவிடுகின்றன. அதனால் அட்டையைப் பார்த்து மட்டும் பாடம் திட்டமிட முடியாது. ஒரே பிரிவு எழுதிய அட்டையோடு வரும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம்.

ஆசிரியர் யாருக்காவது முறையான தகுதி பெற ஆர்வம் வந்தால் ஊக்கப்படுத்துங்கள். கோலாலம்பூர் செராஸில் உள்ள ஆசிரியர் கல்விக் கழகத்தின் இல்மு காஸ் வளாகம் நெடுங்காலமாகச் சிறப்புக் கல்விக்குப் பெயர்பெற்றது. ஆனால் பள்ளியில் மற்றவர்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடியாது.

படி 2: சிறிய குழு, நிலையான நேரம்

நாற்பது பேரைக் கூட்டாதீர்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பாலர் பள்ளி ஆசிரியர், முதலாம் ஆண்டு வகுப்பாசிரியர், மலாய் ஆசிரியர், குறைநீக்கல் ஆசிரியர், ஒரு துணைத் தலைமையாசிரியர். பள்ளியில் பிபிகேஐ வகுப்பு இருந்தால் அதன் ஆசிரியரும் மாணவர் நிர்வாக உதவியாளரும் கட்டாயம் இருக்க வேண்டும். உதவியாளரை, பிபிஎம் என்று நாம் கூப்பிடும் அந்த அக்காவை, பெரும்பாலான பயிற்சிகளுக்கு யாரும் அழைப்பதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம். பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துப் போவதும், ஓய்வு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பதும் அவர்தான். எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறான், எந்த உணவைத் துப்புகிறான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நேரம் புதன்கிழமை பள்ளி முடிந்ததும் என்று வைத்தால், பத்து வாரமும் அதே புதன்தான்.

படி 3: பார்க்கப் பழகுதல்

இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

குழுவில் உள்ள ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கட்டும். தன்னை மிகவும் குழப்புகிற பிள்ளையாக இருந்தால் நல்லது. பிறகு மற்றோர் ஆசிரியர் அந்த வகுப்பில் போய்ப் பின்னால் உட்கார்ந்து, பத்து நிமிடம் அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்து எழுத வேண்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதலாம். சோம்பேறி, அடம், குறும்பு, கவனமில்லை, சொன்னால் கேட்பதில்லை ஆகிய ஐந்து சொற்களுக்கும் தடை.

முதல் வாரம் எல்லோருக்கும் திணறும். ஓர் ஆசிரியை "வேலை செய்ய மாட்டேன் என்கிறான்" என்று எழுதிக்கொண்டு வந்தார். அப்படிச் சொன்னானா என்று கேட்டேன். இல்லையாம். அடுத்த வாரம் அதே பிள்ளையைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: "பென்சிலை எடுத்தான். இரண்டு எழுத்து எழுதினான். பென்சிலைக் கீழே வைத்துக் கையை உதறினான். மீண்டும் எடுத்தான். ஒரு எழுத்து. மீண்டும் உதறினான்." படித்து முடித்ததும் அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பையனுக்குக் கை வலிக்கிறது. பென்சிலைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சுத்துணியை ரப்பர் பேண்டால் கட்டித் தடிமனாக்கிக் கொடுத்தோம். வளையக் கோப்பைச் சாய்வாக வைத்து அதன்மேல் எழுத விட்டோம். கால் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்ததால் காலடியில் ஒரு பலகையும் வைத்தோம். கை வலியைப் பற்றி மருத்துவரிடமும் சொல்லச் சொல்லி அவன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தோம்.

இரண்டாவது கருவி, மூன்று கட்டத் தாள். ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். இடப்பக்கம்: சம்பவத்துக்குச் சற்று முன் என்ன நடந்தது. நடுவில்: பிள்ளை என்ன செய்தது. வலப்பக்கம்: அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். ஐந்து நாள் இடைவிடாமல் எழுத வேண்டும்.

பாலர் வகுப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. சபைகூடல் என்றால் வரிசையை விட்டு ஓடி மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிந்துகொள்வாள். கூட்டம் பிடிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஐந்து நாள் தாளைப் பார்த்தபோது, கூட்டம் இருந்தும் அவள் ஓடாத நாள்கள் இரண்டு இருந்தன. அந்த இரண்டு நாளும் ஒலிபெருக்கி கெட்டுப்போய், தலைமையாசிரியர் வாயாலேயே பேசியிருக்கிறார். மைக்கைத் திறக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அதற்குத்தான் அவள் ஓடியிருக்கிறாள். அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. சபைகூடலுக்கு முன் மைக் படத்தைக் காட்டி, காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தோம். வரிசையின் கடைசியில், ஒலிபெருக்கிக்கு எட்டத்தில் நிற்க வைத்தோம். மைக்கைத் திறக்கும் ஆசிரியரிடமும் ஒலியைக் குறைத்துவிட்டுத் திறக்கச் சொன்னோம்.

நினைவிருக்கட்டும்: நோய்க்குப் பெயர் வைப்பது ஆசிரியர் வேலை கிடையாது. அது மருத்துவரின் பொறுப்பு. மருத்துவருக்கு மிகவும் உதவுவது தேதி போட்ட இந்தத் தாள்கள்தான்.

படி 4: மொழியா, குறைபாடா?

வெளியிலிருந்து வரும் பயிற்சிகளில் பெரும்பாலும் பேசப்படாத பகுதி இது. நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் எழுதப் படிக்கத் தொடங்குகிறார்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அந்த மொழி புதிதா, அல்லது எழுத்தை ஒலியாக்குவதிலேயே சிக்கலா? முதல் கேள்வி இதுதான்: தடுமாற்றம் மூன்று மொழியிலும் உண்டா? வீட்டில் நன்றாகப் பேசும் மொழியிலும் எழுத்தைக் கூட்டி வாசிக்க முடியவில்லை என்றால் அக்கறையாகக் கவனிக்க வேண்டும். மலாயில் மட்டும்தான் தடுமாற்றம், அதுவும் வீட்டில் யாருமே மலாய் பேசுவதில்லை என்றால், பெரும்பாலும் பழக்கக் குறைவுதான்.

சில பிழைகள் தமிழிலிருந்து நேரே வருபவை. தமிழில் பல், கம்பு இரண்டிலும் ஒரே ப. ஒலி மட்டும் மாறுகிறது. மலாயில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழ்ப் பிள்ளை அவற்றை மாற்றி எழுதினால் உடனே டிஸ்லெக்சியா என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மலாய் ஆசிரியர் குழுவில் இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தமிழுக்கு வருவோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. எண்ணிக்கையை விட, எழுத்து அமைந்திருக்கும் விதம்தான் சில பிள்ளைகளுக்குப் பெரிய மலை. இந்தப் பயிற்சியைக் குழுவில் செய்து பாருங்கள். பலகையில் "கொடு" என்று எழுதி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு துண்டாகப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் கண்ணில் படுவது கொம்பு. அடுத்தது க. அதற்கு அடுத்தது கால். வாயில் வருவதோ முதலில் க், அப்புறம் ஒ. கண் பார்க்கும் வரிசையும் வாய் சொல்லும் வரிசையும் ஒத்துப்போகவில்லை. பல பிள்ளைகள் இதைத் தாமாகவே கடந்துவிடுவார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை "கெ... கா..." என்று நின்றுவிடுவான். அவனைத் திட்டுவதில் பலனில்லை. அவன் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறான்.

எனக்கு வியப்பான ஒரு விஷயம்: பார்வையற்றோர் விரலால் தொட்டுப் படிக்கும் தமிழ் பிரெய்லில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி வரும், ஒலிக்கும் வரிசையிலேயே.

சரி, வகுப்பில் என்ன செய்வது? தடுமாறும் பிள்ளைக்குப் பாடநூலின் வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டாம். முதலில் கா, மா, பா போல வலப்பக்கம் மட்டும் கால் சேரும் எழுத்துகள். அடுத்து கி, மி போன்றவை. இவற்றை வைத்தே பால், மாமா, பாட்டி என்று அவனுக்குத் தெரிந்த சொற்களை அமைத்துவிடலாம். உகரத்தை மெதுவாக எடுங்கள். கு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகிறது, ஒரே விதியில் அடங்காது. "காசு"வில் வரும் சு போல, ஒரு சொல்லோடு ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். கொம்பு வரும் எழுத்துகள் அதற்கும் பிறகு. ஒகரத்தை எடுக்கும்போது கொம்பையும் காலையும் ஒரே வண்ணத்தில், நடுவில் உள்ள மெய்யை வேறு வண்ணத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் இருப்பது ஒரே குறிதான் என்று அவன் கண்ணுக்கு அப்போதுதான் பிடிபடும். ஔகாரத்தைக் கடைசி வரை ஒத்திப்போடுங்கள். "கௌ"வின் வால் பார்வைக்கு ள போலவே இருக்கிறது, பெரியவர்களையே ஏமாற்றும்.

ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். ன, ண, ந மூன்றையும் அப்படித்தான். ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றொன்று. மணலிலோ உப்புத்தாள் ஒட்டிய அட்டையிலோ விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் சொல்ல வையுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் எல்லா நாளும் நடக்க வேண்டும்.

படி 5: வகுப்பறையில் கை வையுங்கள்

இந்த வாரம் உட்கார்ந்து பேச வேண்டாம். எல்லோரும் ஒரு வகுப்பறைக்குள் போய், ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் இடத்தில் உட்காருங்கள்.

காது கேட்கும் கருவி அணியும் பிள்ளையின் இடத்தில் உட்கார்பவர் கண்ணை மூடிக் கேட்கட்டும். மின்விசிறி இரைச்சல், நாற்காலி இழுபடும் சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது என்று எல்லாமே கருவிக்குள் சேர்ந்து வரும். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் உதடும் தெரியாது. எழுதி முடித்து, திரும்பி, முகம் பார்த்துப் பேசும் பழக்கம் வேண்டும். தகரக் கூரைப் பள்ளியில் மதிய மழை பிடித்துவிட்டால் நம் காதுக்கே பாடம் கேட்காது. மழைக்கென்று ஒரு திட்டம் தயாராக இருக்கட்டும்: பாடத்தைப் பலகையில் எழுதுவது, படத்தால் காட்டுவது, அந்தப் பிள்ளையை முன்னால் அழைத்து உட்கார வைப்பது. மலேசிய சைகை மொழியை 685ஆம் சட்டம் செவித்திறன் அற்றோரின் அதிகாரமுறை சைகை மொழியாக ஏற்றிருக்கிறது. குழுவே சேர்ந்து இருபது சைகைகள் கற்றுக்கொள்ளலாம். தண்ணீர், கழிவறை, வலி, புரியவில்லை, நன்றாகச் செய்தாய் போன்றவை முதலில்.

பார்வை மங்கலான பிள்ளைக்கு சன்னல் வெளிச்சம் வெண்பலகையில் பட்டு மினுங்குகிறதா என்று, அவன் நாற்காலியிலிருந்தே பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாது. எழுதும்போது பச்சை, சிவப்புப் பேனாவைத் தவிர்த்துக் கறுப்பில் தடிமனாக எழுதுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய நாள் எப்படிப் போகும் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓர் அட்டையில் படங்களை மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததைக் கழற்றி ஒரு பையில் போடட்டும். இன்னும் சின்னப் பிள்ளை என்றால் இரண்டே படம்: "முதலில்" எழுத்து, "பிறகு" ஊஞ்சல். சொன்ன ஊஞ்சலை ஒரு நாளும் மறக்கக் கூடாது. ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் அந்த அட்டையை அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

முடிந்தால் ஒரு நாள் வெளியே போய் வாருங்கள். 1926ல் மலாக்காவில் தொடங்கி, பிறகு பினாங்குக்கு வந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம் பார்வைத்திறன் அற்றோருக்காக இன்றும் இயங்குகிறது. பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் 1954ல் தொடங்கிய செவித்திறன் அற்றோர் பள்ளியும் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டு, நான்கு பேராகப் போனால் போதும்.

படி 6: ஆர்பிஐ எழுதும் கை

ஆர்பிஐ என்று நாம் சொல்லும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் தனிநபர் கல்வித் திட்டம் பல இடங்களில் கோப்புக்காக எழுதப்படுகிறது. "வாசிப்புத் திறன் மேம்படும்" என்று எழுதினால் யாராலும் அளக்க முடியாது. குழுவில் ஆளுக்கொரு வரி திருத்தி எழுதிப் பாருங்கள். உதாரணம்: "எட்டு வாரத்துக்குள், கால் மட்டும் சேரும் 20 சொற்களில் 16ஐப் படத்தின் உதவி இல்லாமல், மூன்று நாள் தொடர்ந்து வாசிப்பான்." இதைப் படித்தால் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று மாற்று ஆசிரியருக்கும் தெரியும். ஒரு பருவத்துக்கு மூன்று இலக்குகளுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று படிப்பைச் சாராததாக இருக்கட்டும். செருப்பைத் தானே மாட்டுவது, கேண்டீனில் வரிசையில் நின்று தானே உணவு வாங்குவது மாதிரி.

படி 7: பெற்றோரிடம் பேசுவது

இதை நடித்துத்தான் பழக வேண்டும். ஒருவர் ஆசிரியர், ஒருவர் அம்மா, ஒருவர் பாட்டி. பாட்டியை விட்டுவிடாதீர்கள், நம் வீடுகளில் முடிவு பல சமயம் அங்கேதான் எடுக்கப்படுகிறது.

"உங்க பையனுக்கு ஆட்டிசம் மாதிரி தெரியுது" என்று ஒருபோதும் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளையால் முடிந்த ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் மூன்று கட்டத் தாளை மேசையில் வைத்து, "நான் பார்த்தது இது. வீட்டுல எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். "இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு டீச்சர்" என்று வரும். வரட்டும், மறுக்க வேண்டாம். "சரிம்மா, எதுக்கும் கிளினிக்ல ஒரு தடவை காட்டிடுவோம், நான் கடிதம் தரேன்" என்று சொன்னால் போதும். தலைமையாசிரியர் மேசைக்கு எதிரே உட்கார வைக்காமல், நூலகத்தில் ஒரு மூலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெற்றோரைக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் அவர்களுக்குச் சம்பளம் போகும். அவர்கள் நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப வையுங்கள்.

ஓர் அம்மாவிடம் ஓகேயு பதிவுப் பாரத்தைக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கைப்பையின் உள்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். "அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் டீச்சர், யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து அதே பாரத்தைக் கொண்டுவந்தார். மடிப்பு விழுந்த இடங்கள் கிழியத் தொடங்கியிருந்தன. மருத்துவர் பகுதி மட்டும் காலி, மற்றதெல்லாம் நிரப்பியிருந்தது. அந்த நான்கு மாதமும் பிள்ளைக்கு வகுப்பில் தர வேண்டிய ஆதரவைத் தந்துகொண்டேதான் இருந்தோம். அட்டை வரும் வரை உதவியை நிறுத்தி வைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

படி 8: பயிற்சி முடிந்த பிறகு

பத்தாவது வாரத்தில் சான்றிதழ் கொடுத்துப் படம் பிடிப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு அடுத்த மாதம், குழுவில் உள்ளவர்கள் ஒருவர் வகுப்புக்கு ஒருவர் போய் மீண்டும் அந்தப் பத்து நிமிடம் எழுத வேண்டும். முதல் வாரத் தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிள்ளை எத்தனை முறை கை தூக்கினான், எத்தனை முறை பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டான், எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் பாருங்கள்.

ஆண்டு இறுதியில் இன்னொரு வேலை உண்டு. வகுப்பு மாறும்போது பிள்ளையைப் பற்றி நாம் கற்றது எல்லாம் பழைய ஆசிரியரோடு போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதி, புதிய ஆசிரியர் கையில் நேரில் கொடுங்கள். கோப்பில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குறைபாட்டின் பெயர் அந்தப் பக்கத்தில் கடைசியில் வந்தால் போதும். எங்கள் பள்ளியில் காது கருவி அணியும் மூன்றாம் ஆண்டுப் பையனுக்காக அவன் ஆசிரியை எழுதிய பக்கம் இப்படி இருந்தது:

"கணக்கில் கெட்டிக்காரன். கால்பந்து பற்றிக் கேட்டால் நிறையப் பேசுவான். கருவி வலது காதில், இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் கேட்காது. புரிந்ததா என்று கேட்டால் எப்போதும் ஆம் என்பான், அதை நம்ப வேண்டாம், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மாற்றுப் பேட்டரி அவன் பையின் முன்பக்க ஜிப்பில். மழை வந்தால் உடனே முன் நாற்காலிக்குக் கூப்பிடுங்கள், தானாக வர மாட்டான்."